கீலம்மாவும் பாஷைக்காரரும்

கதவுக்குக் கீல் செய்யும் பட்டறை வைத்திருந்ததால் அவளுக்குக் கீலம்மா என்று பெயர் வந்தது. பதினேழு வயதில் இதே பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ்ஸில் கூலிக்கு உட்கார்ந்தவள். பழைய முதலாளி கடையைக் கட்டிக்கொண்டு போனபோது இரண்டு பிரஸ்களை வாங்கிப் போட்டு, ஐம்பது வயதுக்குள் அதை ஒன்பதாக்கியிருந்தாள். பதினோரு பேர் அவளிடம் வேலை செய்தார்கள்.

யாரையும் லேசில் நம்ப மாட்டாள். தகடு லாரி வந்தால் எடைச் சீட்டைப் பார்க்க மாட்டாள். தன் கண் முன்னால் மறுபடி எடை போடச் சொல்வாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை உண்மையிலேயே வேலைக்குப் போகிறாரா என்று தன் தம்பியை மூன்று நாள் பின்னால் அனுப்பியவள். அந்த மாப்பிள்ளைதான் இப்போது அவள் கணவர், பட்டறையின் வேனை ஓட்டுகிறார். அவர் நேர்மாறு. வழி கேட்டவனையே வேனில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வருவார்.

கடல் தாண்டி ஒரு நாட்டில் புதுக் குடியிருப்புகள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே கதவு போடும் கம்பெனிக்குக் கீல் வேண்டும் என்று ஒருவரை அழைத்து வந்தவர் பாஷைக்காரர். அவர்கள் மொழியும் நம் மொழியும் தெரிந்தவர். இரண்டு பக்கமும் பேசி வியாபாரம் முடித்துத் தருவது அவர் பிழைப்பு. அவரோடு வந்த கம்பெனிக்காரர் வாசல் நிலையில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்து நுழைந்தார். அன்றே அவருக்கு நெட்டையர் என்று பெயர் வைத்துவிட்டாள் கீலம்மா.

நெட்டையர் ஒரு கீலைக் காதருகே பிடித்து மெல்ல மடக்கி, விரித்துக் கேட்டார். பிறகு கீலம்மாவின் கைகளைப் பார்த்தபடி ஏதோ நீளமாகச் சொன்னார்.

“பட்டறை சுத்தமா இருக்காம்” என்றார் பாஷைக்காரர்.

“அவ்வளவு நேரம் பேசினது இதுக்கா?”

“அவங்க பேச்சே அப்படித்தான்க்கா. சுத்தி வளைச்சுத்தான் வருவாங்க.”

பேச உட்கார்ந்தபோது நெட்டையர் பாஷைக்காரரைப் பார்த்தே பேசினார். கிளம்பும்போது வேலையாட்களை வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொரு ஜோடி தடித்த கையுறை கொடுத்தார். வரிசைக் கடைசியில் கீலம்மாவின் கையிலும் ஒரு ஜோடி வைத்தார். பளபளவென்ற காகிதம் சுற்றிய பேனாப் பெட்டி மட்டும் பாஷைக்காரருக்குப் போனது.

“என்கிட்ட முகம் கொடுத்தே பேசலையே தம்பி, ஏன்?”

“அது அவங்க ஊரு வழக்கம்க்கா. பொம்பளைங்ககிட்ட நேரா பேச மாட்டாங்க, கையில எதையும் கொடுக்க மாட்டாங்க. மரியாதை.”

கீலம்மா தலையாட்டினாள். ஆனால் அன்று முழுக்க அந்தக் கையுறை அவள் மேஜை மேலேயே கிடந்தது. கையில் கொடுக்க மாட்டார்கள் என்றால் இதை எப்படிக் கொடுத்தார்? மெருகு போடும் பெண்கள் நாலு பேருக்கும் கையில்தானே கொடுத்தார்?

“உனக்கு எல்லாத்துலயும் ஓட்டை தெரியும்” என்றார் கணவர். “பாவம், அந்தத் தம்பி வெயில்ல அலையுது.”

“அலையறவன் எல்லாம் பாவமாங்க?”

அடுத்த மாதம் நெட்டையர் சாம்பிள் பார்க்க வந்தார். மேஜையில் விரித்த துணிக்கு அடியில் போனை ஒலிப்பதிவில் வைத்துவிட்டு, அதன் மேல் கீல்களை அடுக்கினாள் கீலம்மா. அவர்கள் அனுப்பிய வரைபடத்தில் நடுக்கம்பி மெல்லியதாக இருந்தது. “இந்தக் கம்பி கனமான கதவைத் தாங்காது, வருஷத்துல கதவு தொங்கிடும், ஒரு சுத்து தடிமன் கூட்டணும்னு சொல்லுங்க” என்றாள். பாஷைக்காரர் சொன்னார். நெட்டையர் சந்தோஷமாகத் தலையசைத்தார். தன் வரைபடத்தில் தப்பு என்று கேட்ட மனிதனின் முகம் அப்படியா மலரும்?

இரண்டு தெரு தள்ளி ஒரு பியூட்டி பார்லர் இருந்தது. அதை நடத்துகிறவள் அந்த நாட்டில் எட்டு வருடம் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். ஒருத்தியின் தலைக்கு மை தடவிக்கொண்டே பதிவைக் கேட்டாள் பார்லர்க்காரி. பாதியில் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் போட்டாள்.

“அக்கா, உங்களை யாருன்னு சொல்லியிருக்கான் தெரியுமா?”

“சொல்லு.”

“மேஸ்திரின்னு. பட்டறை அவனுதாம். பேச்சு நடக்கும்போது வேலைக்காரங்களையும் கூட உட்கார வைக்கிறது இங்க வழக்கம்னு சொல்றான்.”

அந்த ஊர் வழக்கம் என்று கீலம்மாவிடமும், இந்த ஊர் வழக்கம் என்று அவரிடமும் ஒரே வாயால் சொல்லியிருக்கிறான். அவள் கேட்டாள்: “கம்பியைப் பத்தி?”

“எல்லாம் சரியா இருக்குன்னு நீங்க சொன்னதா சொல்லியிருக்கான்.”

மேஸ்திரி என்றது கூட அவளுக்கு அவ்வளவு உறைக்கவில்லை. கம்பி விஷயம்தான் உறைத்தது. எங்கோ ஒரு வீட்டில் கதவு தொங்கும். கீல் அவள் செய்ததாக இருக்கும்.

அவள் சண்டைக்குப் போகவில்லை. வரைபடப்படியே மூன்று கீல் செய்து, பட்டறைப் பின்சுவரில் ஒரு பழைய கதவை மாட்டி, கைப்பிடியில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டாள். பக்கத்திலேயே தடித்த கம்பி போட்ட கீலில் இன்னொரு கதவு, இன்னொரு மூட்டை. வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் தினம் இருபது தடவை இரண்டு கதவையும் திறந்து மூட வேண்டும் என்று உத்தரவு.

கையெழுத்துப் போட நெட்டையர் மூன்றாம் முறை வந்தபோது ஏழு வாரம் ஆகியிருந்தது. கீலம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். இழுக்காத குறையாகப் பின்சுவருக்குக் கூட்டிப்போனாள். முதல் கதவு தரையை உரசிக்கொண்டு நின்றது. இரண்டாவது விரலால் தொட்டதும் நகர்ந்தது. நெட்டையர் குந்தி உட்கார்ந்து, வளைந்த கம்பியை நகத்தால் தடவினார். பாஷைக்காரர் படபடவென்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதுவரை மெருகு மேடையருகே நின்றிருந்த பார்லர்க்காரி முன்னால் வந்து, பட்டறை யாருடையது, கம்பியைப் பற்றிக் கீலம்மா என்ன சொன்னாள் என்று நிதானமாக இரண்டு வாக்கியம் பேசினாள்.

நெட்டையர் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வை கீலம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அவள் சுவரில் மாட்டியிருந்த உரிமச் சான்றிதழைக் கழற்றிக் கொடுத்தாள். அதில் அவள் போட்டோ இருந்தது. அவர் அதைப் படம் எடுத்தார், கதவுகளைப் படம் எடுத்தார், காரில் ஏறிப் போய்விட்டார். பாஷைக்காரர் ஓடிப்போய் காரின் முன்கதவைத் திறக்கப் பார்த்தார். கார் நிற்கவில்லை.

நாற்பது நாள் தகவல் இல்லை. “போச்சு” என்றாள் கீலம்மா. “அந்தாளு நல்ல மனுஷன், வருவார்” என்றார் கணவர். “உங்களுக்கு யார்தான் கெட்டவன்?”

பிறகு ஒரு நாள் எதிர்க்கடைக்காரர் வந்து குசுகுசுத்தார். யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண், கூடவே தன் சொந்த மொழிபெயர்ப்பாளர். இந்தப் பட்டறை யாருடையது, எத்தனை வருஷமாக நடக்கிறது என்று டீக்கடை முதல் தகடு கடை வரை விசாரித்துக்கொண்டு போனார்களாம். நெட்டையரின் கம்பெனி ஆட்கள்தான். கணவருக்குக் கோபம் வந்தது.

“திருடனை விசாரிக்கிற மாதிரி விசாரிச்சிருக்காங்க.”

கீலம்மாவுக்கு அன்றுதான் மனசு லேசானது. “இப்பதாங்க எனக்கு அந்தாளு மேல மதிப்பு வருது” என்றாள். “யார் சொன்னதையும் நம்பாம ஆள் விட்டுப் பார்த்திருக்கார். இவர்கிட்ட வியாபாரம் பண்ணலாம்.”

முதல் ஆர்டர் சின்னதாக வந்தது, தடித்த கம்பியோடு. அதன்பின் பார்லர்க்காரிதான் பேசினாள். அவள் பேசியதையும் கீலம்மா பதிவு செய்து, அப்போதுதான் அந்த நாட்டுக்கு வேலைக்குப் போயிருந்த கணவரின் அண்ணன் மகனுக்கு அனுப்பிச் சரிபார்த்தாள். விஷயம் எப்படியோ பார்லர்க்காரிக்குத் தெரிந்துவிட்டது.

“என்னையுமா அக்கா?”

“உன்னை இல்லடி. எனக்குப் புரியாத எதையும் நான் நம்பறதில்ல.”

“அப்போ புரிஞ்சுக்கோங்க” என்றாள் பார்லர்க்காரி, கோபமாகத்தான். அந்தக் கோபத்திலேயே பாடமும் தொடங்கியது. மத்தியானம் பார்லரில் ஆள் இல்லாத நேரங்களில் கீலம்மா அந்த மொழியின் எண்களையும், வேண்டும் வேண்டாமையும், தடிமன் மெலிவையும் கற்றாள். நாக்குப் புரளவில்லை. இருந்தாலும் ஒரு வருஷத்தில், தன்னைப் பற்றி யாராவது பேசினால் தெரிந்துகொள்ளும் அளவுக்குக் காது பழகிவிட்டது. பாஷைக்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அதையும் அவள் முழுசாக நம்பவில்லை.

ஆறு வருடமாக வியாபாரம் நடக்கிறது. நெட்டையர் வருடத்துக்கு ஒரு தரம் சரக்கு ஏற்றும் நாளில் வருவார். குசலம் விசாரிப்பது கிடையாது. பெட்டிகள் அடுக்கியிருக்கும் இடத்துக்கு இருவரும் போவார்கள். கீலம்மா காட்டும் பெட்டியை அவர் திறக்க மாட்டார். அடியில் எங்கோ கிடக்கிற ஒன்றை இழுத்துத் திறப்பார். அவர் கொண்டுவந்த அளவுகோலை அவள் ஏற்க மாட்டாள். தன்னுடையதையும் பக்கத்தில் வைப்பாள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். பிறகு இரண்டு பேரும் அடுத்த பெட்டிக்குப் போவார்கள்.