காலண்டரில் இருந்த சீனப் பழமொழி

1. ஏழாவது கிழமை

பிர்தே அந்த வரியை வாசித்து முடிப்பதற்குள்ளேயே அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்பது எனக்குப் பிடிபட்டுவிட்டது. அவருடைய மேசைக்குப் பின்னால் தொங்கிய காலண்டரில் மாதத்துக்கு ஒரு சீனப் பழமொழி, டெனிஷில். பொறுமை ஒரு மரம், வேர் கசக்கும், பழம் இனிக்கும் என்றது அந்த மாதத்துப் பழமொழி.

நான் டொல்க், அதாவது மொழிபெயர்ப்பாளராக, வேலைக்கு வந்து ஏழு கிழமை. மணித்தியாலக் கணக்கில் கூப்பிடுவார்கள்; மற்ற நேரம் படிப்பு. அதுவரை முகவரி, பிறந்த திகதி, பல்லுவலி என்றே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நல்ல வசனம் கையில் கிடைத்தது அன்றுதான்.

எதிரே இருந்தவர் செபஸ்தியான் அண்ணை. மன்னார்க்காரர், இங்கே டென்மார்க்கில் இக்காஸ்ட் ஊர்த் துணி ஆலையில் ஷிப்ட் வேலை. மனைவி றெஜினாவையும் ஆறு வயது மகளையும் கூப்பிட விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருடமாகியும் பதில் இல்லை. அதைத்தான் கேட்க வந்திருந்தார். பிர்தே அகதிகளின் கோப்புகளைப் பார்ப்பவர். ஆனால் முடிவு கொப்பன்ஹேகனில். அவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆளை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் காலண்டரை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு அந்த வரியைச் சொன்னார்.

என் தமிழ் டெனிஷைவிட நன்றாக இருந்தது. எதுகைகூட வந்தது. கோயில் பிரசங்கம்போல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

அண்ணை நிமிர்ந்தார். "அவ இதைத்தான் சொன்னவவோ?"

"ஓம் அண்ணை, இதைத்தான்."

"சரி. எனக்கு விளங்கிட்டுது."

எழும்பி இரண்டு கையாலும் பிர்தேயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பஸ் தரிப்பில் என்னிடம், "வடிவாச் சொன்னீர் தங்கச்சி" என்றார். அந்த வரி காலண்டரில் இருந்தது என்று நான் சொல்லவில்லை. பேசியதை மட்டும் சொல், கூட்டாதே, குறைக்காதே என்றுதான் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்.

2. அண்ணைக்கு விளங்கியது

ஒரு மாதம் கழித்து, ஞாயிறு பூசை முடிந்து நிற்கையில் அண்ணை சிரித்துக்கொண்டு வந்தார்.

"றெஜினாவையும் பிள்ளையையும் கொழும்புக்கு வரச் சொல்லிப்போட்டன். லொட்ஜிலை நிக்கினம்."

"விசா வந்திட்டுதோ?"

"வரும். அந்த மிஸ் அண்டைக்கே சாடையாச் சொல்லிப்போட்டா. நீர்தானே சொல்லித் தந்தனீர்!"

அண்ணை அந்தப் பழமொழியைத்தான் சொல்கிறார். நம் ஊர்க் கந்தோர்களில் கடிதம் கையில் வருமுன் எந்தக் கிளாக்கரும் நல்ல செய்தியை நேராகச் சொல்ல மாட்டார். மழையைப் பற்றியோ பயிரைப் பற்றியோ ஒரு வார்த்தை விடுவார். கேட்கிறவன்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அண்ணை அரசாங்கக் கச்சேரி வாசலில் அப்படிப் பிடித்துப் பிடித்தே காணி உறுதியிலிருந்து பாஸ்போட் வரை எடுத்தவர். ஒரு உத்தியோகத்தர் வேலை நேரத்தில் மரத்தையும் பழத்தையும் பற்றிச் சும்மா கதைப்பாரா?

"அண்ணை, அது சுவர்க் காலண்டரிலை கிடந்தது."

"கிடக்கட்டும். வாற போற எல்லாருக்கும் வாசிக்கிறவவோ? எனக்கேன் வாசிச்சவ?" என் தலையில் செல்லமாகத் தட்டினார். "படிச்ச பிள்ளை, ஆனா உலகம் தெரியேல்லை."

அன்றே, அங்கேயே நின்று அவரோடு சண்டை பிடித்திருக்க வேண்டும். அவருடைய சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை.

3. றெஜினாவின் கடிதம்

ஐந்து மாதம் லொட்ஜில் இருந்தார்கள். பிறகு ஒரு நாள் தமிழர்களைத் தேடிச் சோதனைக்கு வந்த பொலிஸ் றெஜினாவைக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தது. வெளியே வந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கே பஸ் ஏறிவிட்டார். வவுனியாவில் தபாலில் போட்ட கடிதத்தில் இவ்வளவும் இருந்தது. அதற்குப் பிறகு கடிதம் இல்லை. அந்தப் பாதையில் சண்டை என்று மட்டும் றேடியோ சொன்னது.

கொப்பன்ஹேகனில் மேலிடத்தில் இந்தக் கோப்புகளை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்று பேப்பர்கள் எழுதத் தொடங்கியிருப்பது இப்போதுதான். பிர்தே அந்தச் செய்தியை வெட்டி எனக்குக் காட்டினார். நான் அதை அண்ணைக்குத் தமிழாக்கிச் சொன்னேன். எதுகை வரவில்லை.

அந்தப் பழமொழியின் உண்மையான அர்த்தத்தையாவது அறிவோம் என்று ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சீனச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். சமையற்காரர் என் வயதுக்காரர். வெங்காயம் வெட்டியபடியே கேட்டார்.

"இப்படி ஒன்று இருக்கிறது. யார், யாருக்குச் சொன்னது?"

"அலுவலகத்தில், காத்திருக்கிறவருக்கு."

"காத்திருக்கிறவன் தனக்குத்தானே சொல்லுவான், பல்லைக் கடித்துக்கொண்டு. அடுத்தவன் முகத்துக்கு நேரே இதைச் சொன்னால் எங்கள் ஊரில் அடிப்பார்கள்."

4. வியாழக்கிழமை

டொல்க் வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வசனம் அழகாக வந்துவிட்டதென்று மனம் துள்ளினால் வாயை மூடிக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவர் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்வார் என்று முதலில் யோசியுங்கள்.

வியாழன் பத்தரைக்கு அண்ணைக்கு மறுபடி சந்திப்பு. வேறு டொல்க் கேட்டாராம். இந்தப் பக்கத்தில் ஆளில்லை. பிர்தே நல்ல மனுசி, கட்டாயம் ஆறுதலாக ஏதாவது சொல்வார். நான் உடனே தமிழாக்கப் போவதில்லை. "ஏதாவது தெரிந்து சொல்கிறீர்களா, ஒன்றும் தெரியாததால் சொல்கிறீர்களா?" என்று அவரிடமே கேட்பேன். பிறகு என் கேள்வியையும் அவர் பதிலையும் அப்படியே அண்ணையிடம் சொல்வேன். டொல்க் கேள்வி கேட்கக் கூடாது, வேலை போகலாம். அண்ணை என் பக்கம் திரும்பாமலே இருக்கவும் கூடும். அப்போதும் சொல்வேன்.