புளி போட்டுத் துலக்கிய ரோமானியக் காசு

தேய்ந்த பழங்காசை அடையாளம் காண ஒரு நடைமுறை உண்டு. அதன் முதல் விதி, காசைத் துலக்கக் கூடாது. முப்பது ஆண்டு அரசுப் பணியில் எத்தனையோ விதிகளைப் படித்தேன். இதை மட்டும் மீறிய பிறகே தெரிந்துகொண்டேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் பட்டு நெய்தார்கள், அம்மாவின் தம்பியான மாமாவைத் தவிர. அவர், முசரவாக்கத்தில் கிணறு தூர்வாரியபோது கிடைத்த ஒரு செப்புக்காசோடு மூன்று மாதமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். காசின் மேல் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. கூரையின் கண்ணாடி ஓட்டிலிருந்து வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முதல் மாதம் ஒரு மூக்கு தென்பட்டது. அடுத்த மாதம் தலையில் இலைமாலை. பிறகு கழுத்துக்குப் பின்னால் இரண்டு கிரேக்க எழுத்துகள். ரோமானியப் பேரரசின் கீழைநகரம் ஏதோ ஒன்றில் அடித்த காசு என்று முடிவுகட்டினார்.

"இன்னா மச்சான், உன் ராசா இன்னிக்காவது வாயத் தொறந்தாரா?" என்பார் அப்பா, தறியிலிருந்து தலையைத் தூக்காமலே.

"வெள்ளிக்கிழம சார் வராரு இல்ல, அவராண்ட தொறப்பாரு."

சார் என்பவர் மெட்ராஸ் தொல்பொருள் அதிகாரி. காசு ரோமானியக் காசுதான் என்று காட்டிவிட்டால், அகழாய்வு வேலையில் மாமாவைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

வியாழன் சாயங்காலம், மறுநாள் பூஜைக்காக விளக்கையும் தாம்பாளத்தையும் புளி போட்டுத் துலக்குவது என் பொறுப்பு. பெரிய மனிதர் பார்க்கப்போகும் காசு அழுக்காக இருக்கலாமா? அதையும் சேர்த்துத் துலக்கினேன். சாம்பலும் போட்டேன். மறுபடி பொட்டலம் மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் சார் முன்னால் மாமா பொட்டலத்தைப் பிரித்தார். மூக்கு இல்லை, மாலை இல்லை, எழுத்து இல்லை. வழவழவென்று ஒரு செப்புவில்லை. மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பெருமையாகச் சிரித்தேன்.

"யாருப்பா இதத் தேச்சது? உருவமே அந்தப் பச்சையிலதானே நின்னிருக்கும்!"

"நான்தான் சார்," என்றார் மாமா. "பளிச்சின்னு இருக்கட்டுமேன்னு..."

"நல்லா பளிச்சின்னு இருக்குது, போ. உன்ன வேலைக்கு வெச்சா கல்வெட்டையும் தேச்சிடுவே."

சார் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினார். அடுத்த வாரம் மாமா தறியில் உட்கார்ந்தார்.

நான் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. கை வலிக்கத் துலக்கியது நான். "நல்லா பளிச்சின்னு இருக்குது" என்ற பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் அவர்.