அண்ணியின் நீள வாக்கியம்

அண்ணிக்கு உட்கார்ந்து எழுத வராது. சமையல் மேடையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, கால் மாற்றிக் கால் நின்றபடி ஒரு வரி தட்டுவார், அடுப்பைக் குறைப்பார், தட்டியதை அழிப்பார்.

அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸ் அவர். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. அண்ணனும் கூடப் போகலாம். ஆங்கிலத் தேர்வில் பேசுவது, கேட்பது, வாசிப்பது எல்லாம் தேறிவிட்டது. எழுத்து மட்டும் ஏற்கெனவே இருமுறை காலை வாரியிருந்தது. இந்த முறையும் போனால் அந்த இடம் வேறொருவருக்கு.

ஆன்லைனில் பாடம் எடுக்கும் டீச்சர் அவருடைய கட்டுரையைப் பார்த்துச் சிரித்தாராம்.

"தப்பே இல்லம்மா. ஆனா எல்லா வாக்கியமும் ஒரே உயரத்துல யூனிஃபார்ம் போட்டு நிக்குது. சிலத நீட்டுங்க, சிலத வெட்டுங்க. காரணத்துல ஆரம்பிங்க, ஆளக் கடைசியில கொண்டாங்க."

நோயாளி தூங்கினார், நோயாளி சாப்பிட்டார், காய்ச்சல் இல்லை என்றே எழுதிப் பழகிய கை அது. அதை வளைக்க, கண்ணில் பட்டதையெல்லாம் ஆங்கிலத்தில் நீட்டத் தொடங்கினார். பல் தேய்த்துக்கொண்டே, பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே. தமிழும் தப்பவில்லை.

"ஏங்க, நேத்தே தலையில அடிச்சுக்கிட்டுச் சொல்லியும், காதுல வாங்காம, ஈரத் துண்டக் கட்டில் மேல போட்டுட்டுப் போன ஆளு நீங்கதானே?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "டேய், முன்னெல்லாம் 'துண்ட எடுங்க'ன்னு திட்டுவா. இப்ப திட்டு முடியறதுக்குள்ள எனக்குப் பசிச்சிடுது."

இந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. தேர்வுக்கு முந்தைய வாரம், அடுத்த ஷிப்டுக்கு அண்ணி எழுதிவைத்த ஆங்கிலக் குறிப்பும் நீண்டுவிட்டது. 'வலியால் புரண்டுகொண்டிருந்தாலும், காலையில் ஆபரேஷன் என்பதால் எதுவும் சாப்பிடக் கூடாத பெரியவர், மகன் வந்து பேசிய பிறகு அமைதியானார்.' இத்தனையும் ஒரே மூச்சில். காலை ஷிப்டுக்கு வந்த நர்ஸ், வந்த அவசரத்தில் 'அமைதியானார்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார். பெரியவருக்கு ரொட்டியும் பாலும் போய்விட்டன. ஆபரேஷன் தள்ளிப்போனது.

"சிஸ்டர், பட்டினின்னா பட்டினின்னு எழுதுங்க. அத எதுக்கு நடுவுல ஒளிச்சு வைக்கிறீங்க?" என்றார் வார்டு இன்சார்ஜ்.

பெரியவர்தான் சமாதானம் சொன்னார். "விடும்மா, எனக்கும் நல்ல பசிதான்."

அண்ணியால் சிரிக்க முடியவில்லை.

தேர்வறைக்கும் அந்த ரொட்டி கூடவே போனது. ஒவ்வொரு நீள வாக்கியத்தையும் முடித்ததும், முக்கியமான எதுவும் உள்ளே மூழ்கிவிட்டதா என்று தோண்டிப் பார்த்திருக்கிறார். கட்டுரை முடிவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அரை மதிப்பெண்ணில் போயிற்று.

முடிவு வந்த அன்று டீச்சரைக் கூப்பிடவில்லை. வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு அவரே ஒரு மெயில் அடித்தார். வேண்டுமென்று எதையும் நீட்டவில்லை, வெட்டவில்லை. பெரியவர், ரொட்டி, தேர்வறையில் தோண்டியது, எல்லாம் நடந்தது நடந்தபடி. இன்னொரு வாய்ப்பு கிடைக்குமா என்று கேட்டார். திருப்பிப் படித்தால் அழித்துவிடுவோம் என்று படிக்காமலேயே அனுப்பினார். பிறகு அந்தச் சின்ன வீட்டில் அவர் நடந்த நடையில் எங்கள் இருவருக்கும் தலை சுற்றியது.

பதில் வந்தது. உங்கள் கடிதம் தெளிவாக இருக்கிறது, இன்னும் ஒரு தேர்வு வரை காத்திருக்கிறோம் என்று.

"அப்ப மெயில் பாஸா?" என்றார் அண்ணன்.

"மெயில் பாஸுங்க. நான்தான் இன்னும் இல்ல."

சொல்லும்போதே அண்ணியின் விரல், அடுத்த தேர்வுக்குத் தேதி தேடி ஓடிக்கொண்டிருந்தது.