அடிக்கு முந்தைய பேச்சு

அக்கா ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது சண்டை. ரத்தம் வருகிற சண்டை. ஒருவன் இன்னொருவனை அடிப்பதற்கு முன்னால் எப்படிப் பேசுகிறான் என்பதுதான் அவளுடைய கேள்வி. மொழியியல் என்றால் இலக்கணமும் பழைய சுவடியும் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இது விளங்காது. எங்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளங்கும்.

அப்பா கைநீட்டுகிற ஆள். பெல்ட், நாற்காலிக் கால், கையில் எது அகப்படுகிறதோ அது. அம்மாவின் மணிக்கட்டு ஒருமுறை ஒடிந்து கோணலாகவே கூடிக்கொண்டது. அக்கா பக்கத்து அறையில் சுவரோடு காதை வைத்து உட்கார்ந்திருப்பாள். அப்பா கத்திக்கொண்டிருக்கும்வரை அசைய மாட்டாள். திடீரென்று, "எழுந்திரு" என்று என்னை இழுத்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடுவாள். நாங்கள் தெருவை அடைவதற்குள் உள்ளே முதல் அடி விழும் சத்தம் கேட்கும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அதைச் சொல்லத் தெரிந்துகொள்ளத்தான் அவள் பல்கலைக்கழகம் போனாள்.

அங்கே தற்காலிக விரிவுரையாளராக இருந்துகொண்டே, ஊருக்கு வெளியே இருந்த லாரி ஷெட்டுக்குப் போய்வந்தாள். தினமும் அடிதடி நடக்கும் இடம் அது. கழுத்தில் ஒலிப்பதிவுக் கருவி தொங்கும். ஒளித்து வைக்கவில்லை. எல்லோரிடமும் கேட்டுத்தான் பதிவு செய்தாள். அவர்கள் அவளுக்கு மைக்கம்மா என்று பெயர் வைத்தார்கள்.

"மைக்கம்மா, இன்னைக்கு இன்னும் யாரும் மோதல. அவசரம்னா சொல்லு, உனக்காக ரெண்டு பேரை ஏற்பாடு பண்றோம்."

அவள் கண்டுபிடித்தது இதுதான். சண்டையில் யாரும் யாரையும் பேச விடுவதில்லை. ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறிப் பேசுவார்கள். அப்படிப் பேசும்வரை அடி விழாது. அடிக்கப் போகிறவன் மட்டும் ஒரு கட்டத்தில் வாயை மூடிக்கொள்கிறான். எதிராளி பேசி முடிக்கும்வரை, ஏதோ மரியாதை போல, காத்திருக்கிறான். முடித்ததும் கை வருகிறது.

இதைத் தெளிவாகக் காட்டிய பதிவு ஒன்றுதான். பாறை என்ற சுமை தூக்குகிறவருக்கும், அவர் மனைவியின் அண்ணனான டிரைவருக்கும் நடந்த சண்டை. பாறை மூட்டைகளின் மேல் நிற்கும்போதே டிரைவர் வண்டியை நகர்த்திவிட்டார். பாறை கீழே விழுந்தார்.

"மேல ஆள் நிக்கிறது தெரிஞ்சும் வண்டிய எடுத்தியா மச்சான்?"

"நீ நின்னா வண்டிக்கு ஓவர் லோடு மாப்ளே. இறக்கிவிட்டேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இருவரும் மாறிமாறிக் கத்தினார்கள். பிறகு டிரைவர் கத்துவதை நிறுத்தினார். பாறை பேசி முடித்ததும் வீல் ஸ்பேனரால் மண்டையில் அடித்தார். விழுந்தவரை மறுபடியும் அடித்தார். ஊரே பயப்படும் பாறை, கண்ணில் ரத்தம் வழிய, டிரைவரின் காலைப் பிடித்துக் கெஞ்சினார்.

தலையில் தையலோடு இருந்தவரிடம் அக்கா அனுமதி கேட்டாள்.

"போட்டுக்க. வாத்தியாருங்கதானே கேக்கப் போறாங்க? பேரு மட்டும் வேணாம்."

அக்கா பெயர்களை மறைத்தாள். பெயர் வரும் இடங்களில் 'பீப்' என்று ஒரு சத்தத்தை வைப்பது அவர்கள் துறையின் வழக்கம். பெயரை மறைத்தால் ஆளை மறைத்தாயிற்று என்று அங்கே எல்லோரும் நம்புகிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஷெட்டில் அந்தக் குரலைத் தெரியாத காது உண்டா?

கருத்தரங்கில் அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினாள். கெஞ்சலின் நடுவில் 'பீப்' வந்ததும் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவி அரங்கமே சிரித்தது. அக்கா நிறுத்தவில்லை. திரையில் அடுத்த படத்துக்குப் போனாள். அன்று அவளுக்குப் பலத்த கைதட்டல். துறை அந்த உரையை இணையத்தில் ஏற்றியது. ஒரு நல்ல ஆய்விதழும் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. ஒரே நிபந்தனை: எல்லா ஒலிப்பதிவுகளையும் யாரும் கேட்கும்படி பொதுவில் வைக்க வேண்டும். கட்டுரை வெளிவந்தால் அவள் வேலை நிரந்தரமாகும். அந்தப் பதிவு இல்லாமல் கட்டுரையே இல்லை.

அதற்குள் உரை ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியது. பாறை மூட்டையோடு போனால் பின்னாலிருந்து ஒருவன் அவர் குரலில் கெஞ்சுவான். இன்னொருவன் 'பீப்' என்பான். ஒருநாள் மதியம் 'பீப்' சொன்னவனின் தாடையைப் பாறை உடைத்தார். அவன் பல்லைத் துப்பிக்கொண்டிருக்கும்போதே அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

கதவை உதைத்துத் திறந்தார். அவர் விரல் முட்டிகளில் ரத்தம் இருந்தது.

"வாத்தியாருங்கதான் கேப்பாங்கன்னுதானே போட்டுக்கச் சொன்னேன்! இப்ப நாய்கூட என்னைப் பாத்து பீப்புங்குது!"

"அண்ணே, நான் ஏத்தல, காலேஜ்ல..."

"நீ போடாம ஷெட்டு பசங்களுக்கு எப்படிடி போச்சு?"

"கேளுங்கண்ணே, நான் அதை..."

இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவரை அக்காவுக்குப் பெரிய பயமில்லை.

"இன்னும் எங்கெல்லாம் போடப் போறே?"

அக்காவுக்குப் பொய் வரவில்லை. ஆய்விதழைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பாறை வாயை மூடிக்கொண்டார். தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் நிறுத்தாமல் பேசினாள். பத்திரிகை, அதன் ஆசிரியர், கட்டுரையின் முதல் பகுதி, இரண்டாம் பகுதி, அம்மாவின் மணிக்கட்டு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். பின்னால் நகர்ந்துகொண்டே பேசினாள். முற்றுப்புள்ளி வைத்தால் அடி விழும் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் மூச்சு தீர்ந்தது.

பாறை அவள் கூந்தலைப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் மோதினார். உதடு கிழிந்தது. முன்பல் ஒன்று உடைந்து தரையில் விழுந்தது. தடுக்கப் போன என்னை ஒரு கையால் அலமாரிமேல் எறிந்தார். கணினியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். பிறகு போய்விட்டார்.

நான் அக்காவை மருத்துவமனையில் சேர்ப்பதற்குள் அவர் ஷெட்டுக்குப் போய், வண்டிக்கடியில் படுத்திருந்த டிரைவரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்து, கம்பியால் முகத்திலேயே அடித்திருக்கிறார். டிரைவருக்கு ஒரு கண் போய்விட்டது. பாறையைச் சிறையில் அடைத்தார்கள்.

வாயில் தையலோடு அக்கா துறைக்குப் போனாள். உரையை எடுக்கச் சொன்னாள். தன்னிடமும் துறையிடமும் இருந்த பதிவை அழித்தாள். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

துறைத்தலைவர் கத்தினார். "பேரைத்தான் மறைச்சாச்சே! பைத்தியமா உனக்கு? ரத்தம் சிந்திச் சேத்த டேட்டாம்மா அது!"

"சிந்தினது என் ரத்தம் மட்டுமில்ல சார்."

நிரந்தர வேலை வேறொருவருக்குப் போயிற்று.

சில வாரம் கழித்துப் பாறையின் மனைவி வீட்டுக்கு வந்தார். கணவர் சிறையில், அண்ணன் மருத்துவமனையில். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் நடுவில் போய் நின்றேன். "தள்ளு" என்றார்.

"அந்தப் பதிவைப் போடு. நான் கேக்கணும்."

"அழிச்சுட்டேன்" என்றாள் அக்கா.

"அழிச்சுட்டியா? ஊரெல்லாம் கேட்டு முடிச்சப்புறமா? அதுல என் பேரு வருதாமே. பீப்பு போட்டது என் பேருக்குத்தானாமே. எங்கிட்ட யாருமே போட்டுக் காட்டல. நான் வந்தா போனை மூடிட்டுச் சிரிக்கிறானுங்க."

அக்கா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உனக்கு மனப்பாடமாத் தெரியும்ல? நீயே சொல்லு."

அக்கா உட்கார்ந்தாள். உடைந்த பல்லோடு, மெதுவாக, பாறையைப் போல நடிக்காமல், தன் குரலிலேயே சொன்னாள். 'பீப்' இருந்த இடத்தில் அந்தப் பெண்ணின் பெயரைச் சேர்த்துச் சொன்னாள்; அந்தப் பெயரை மட்டும் நான் இங்கே எழுதவில்லை. "என்னைக் கொன்னுடாதே மச்சான். உன் தங்கச்சிக்கு இருட்டுன்னா பயம். தனியா இருக்க மாட்டா. அவளுக்காக விட்டுடு."

பாறையின் மனைவி தலையை நிமிர்த்தினார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதுக்கா சிரிச்சீங்க?"