தொட்டி மீன்கள் வாய் பிளந்த மே மாதம்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்ததும் என் கணவர் இலத்தூர் வீட்டின் பின்னால் சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் வளர்க்கத் தொடங்கினார். அதுவரை வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்த மனிதர். கட்லா மீன்குஞ்சுகள் வந்த பிறகுதான் காலையில் எழுந்ததும் போக அவருக்கு ஓர் இடம் கிடைத்தது.

நான் தென்காசிப் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியை. சர்க்கரை வெந்நீரில் அதிகம் கரையும். வாயு நேர்மாறு, நீர் சூடாகச் சூடாகக் குறைவாகவே கரையும். எத்தனையோ வருடங்களாக இதை ஒரு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டு வந்திருக்கிறேன்.

மே மாத விடுமுறையில் ஒரு மதியம், காய்ந்த துணி எடுக்கப் போனேன். அவர் தீனி வாளியோடு நின்றிருந்தார். மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

“என்ன பசி பாரு. நாலு நாளா போட்டுட்டே இருக்கேன், இன்னும் கேக்குது” என்றார்.

தொட்டிக்குள் கையை விட்டேன். குளிக்க விளாவிய வெந்நீர் போலிருந்தது.

“பசியில்லங்க, மூச்சு முட்டுது. சுடுற தண்ணியில காத்து தங்காது. மிஞ்சுற தீனி அழுகி, இருக்குற காத்தையும் இழுத்துரும். இனிமே தீனி போடாதிய.”

மோட்டார் போடக் கரண்ட் இல்லை. அவர் கைலியை மடித்துக் கட்டி உள்ளே இறங்கி, வாளியில் நீரை மொண்டு, காற்று கலக்கும்படி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தார். நான் தென்னங்கீற்றுகளை இழுத்துவந்து தொட்டியின் மேல் பரப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் குழாயை உயர்த்திக் கட்டி, கிணற்று நீரைச் சிதறி விழவிட்டோம். சாயங்காலத்துக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக அடியில் இறங்கின. மூன்றில் ஒரு பங்கு இறங்கவில்லை.

செத்தவற்றை எலுமிச்சைச் செடியடியில் புதைக்கும்போது, தீனி போட்டே தானே கொன்றுவிட்டதாகச் சொன்னார். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். நானும் அந்த நாலு நாளும் அதே இடத்தில் துணி காயப்போட்டதையும், பசியென்றே நினைத்துக் கடந்துபோனதையும் சொன்னேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. புத்தகத்தில் இருந்தது என் கண்ணுக்கு வந்துசேர நாலு நாள் ஆகியிருக்கிறது.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

“அப்ப டீச்சரும் பெயிலா?” என்றார்.

ஐப்பசியில் மிச்ச மீன்களைப் பிடித்தோம். குழம்பு வைத்தேன். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.