துக்க வீட்டில் நான் சொன்ன வார்த்தை

இன்று மாலை அம்மாவுடன் என் வகுப்புத் தோழி நிவேதாவின் வீட்டுக்குப் போனேன், கணபதி பஸ் ஸ்டாப் பக்கம். அவள் தம்பி புற்றுநோயில் இறந்து ஒன்பது நாளாகிறது.

ஆறுதல் சொல்ல நான்கு வரிகள் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அவளைப் பார்த்ததும் நான்கும் மறந்துவிட்டன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

கிளம்பும்போது பழக்கத்தில், “போயிட்டு வாரேனுங்க ஆன்ட்டி” என்றுவிட்டேன்.

துக்க வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. அம்மா என் கையைக் கிள்ளினார்.

நிவேதாவின் அம்மா என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். “வா கண்ணு. எல்லாரும் சொல்லாமயே எந்திரிச்சுப் போயிர்றாங்க. நீயாவது வாரேன்னியே.”

அப்போதுதான் நிவேதா வாய் திறந்தாள். “நாளைக்கு வரும்போது பயாலஜி நோட்டு கொண்டா. உன்ற கையெழுத்து புரியாது, இருந்தாலும் கொண்டா.”

வழியெல்லாம் அம்மாவிடம் திட்டு வாங்கினேன். நீங்களும் கீழே கமெண்டில் திட்டலாம். நான் நாளைக்குப் போவேன்.