நெடுந்தீவுப் படகுக்கு முன் மூன்று நாள்

1984 ஆகஸ்ட் பள்ளி விடுமுறையின் கடைசி வாரத்தில் நான் கொழும்பிலிருந்து தீவுப் பக்கம் போனதற்கு ஒரே காரணம் என் தங்கை வசந்தி. ஆசிரியையான அவளுக்கு நெடுந்தீவுக்கு மாற்றம் வந்திருந்தது. கணவன் சவுதியில். சாமான்களையும் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோய் இறக்க ஓர் ஆள் வேண்டும் என்றாள். ஐந்து நாள் லீவு போட்டேன். அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று இப்போது எழுதுகிறேன்.

கோட்டையில் காலை யாழ்தேவி ஏறினால் மத்தியானம் தாண்டி யாழ்ப்பாணம். அங்கிருந்து குறிகட்டுவான் பஸ். பண்ணைப் பாலம் கடந்து, ஏறக்குறைய அரை மணி நேரத்தில் மண்கும்பானில் வசந்தியின் வீடு.

குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். வசந்தி ஒரு பேசினுக்கு முன்னால் குந்தியிருந்தாள். முகம் முழுக்கத் தண்ணீருக்குள். அசைவே இல்லை. பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இழுத்தேன்.

“என்ன அண்ணை இது! முப்பத்தெட்டு மட்டும் எண்ணிப்போட்டன். எல்லாத்தையும் குழப்பிப் போட்டியள்!”

“உனக்கென்ன விசரோ?”

“மூச்சுப் பிடிக்கப் பழகிறன். நீந்த வேணும்.”

முப்பத்தாறு வயதில் நீச்சல்! எங்கள் குடும்பத்தில் ஆணும் நீந்தியதில்லை, பெண்ணும் நீந்தியதில்லை. தோட்டம் இருந்தது, தெற்கே கடை இருந்தது. பேர்தான் தீவார், கடல் என்பது பஸ் ஜன்னலால் பார்க்கிற சங்கதி.

பின்னேரம் கடற்கரையில் இன்னும் பெரிய அதிர்ச்சி. வசந்தியும் அவளுடன் படிப்பிக்கும் இரண்டு ஆசிரியைகளும் புருஷன்மாரின் காற்சட்டையும் சேட்டும் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில், இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். மூவரில் ஊர்காவற்றுறைக்காரி ஒருத்திதான் சின்ன வயதிலிருந்தே நீந்துகிறவள். மற்ற இருவரும் சில மாதமாக அவளிடம் பாடம் கேட்கிறார்களாம். றோட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு நாலு பேர் பார்த்தார்கள். எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன.

“ஊர் என்ன சொல்லும்?” என்று வசந்தியிடம் சீறினேன்.

“வெள்ளிக்கு வெள்ளி இந்தப் பிள்ளையளோடை படகிலை வந்து போக வேணும். கவிண்டால் ஊர் வந்து தூக்குமோ?”

சொல்லிவிட்டுத் தூரத்து வலைக்கம்புவரை நீந்திக் காட்டினாள். திரும்பி வந்து ஐந்து வயது மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாதித் தூரம் போனாள்.

“ரெண்டு பிள்ளையளோடையும்?” என்று கேட்டேன்.

“ஏலாது அண்ணை. செய்து பாத்திட்டன். தண்ணிக்கு அடியிலை தாண்டு போறன்.”

குரலில் அழுகை இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. எந்தப் பிள்ளையை விடுவது என்றுகூட அவள் யோசித்திருப்பாள். அதைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

“நாளைக்குக் காலமை நீங்களும் இறங்குங்கோ,” என்றாள்.

இறங்கினேன். மூன்று நாள், காலையும் மாலையும். உப்புத் தண்ணீர் குடித்தேன். பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு பத்துப் பாகம், அறுபது அடி, நீந்திப் போயிருப்பேன். அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் காலை குறிகட்டுவானில் படகு ஏறினோம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். சனம், அரிசி மூட்டை, இரண்டு ஆடு, எங்கள் அலுமாரி. மிதப்பதற்கு ஏதும் கிடக்கிறதா என்று படகோட்டியைக் கேட்டேன்.

“ஏன் அண்ணை, நீந்தத் தெரியாதோ?” என்று சிரித்தார்.

பதில் சொல்லுமுன் வசந்தி சின்னவளைத் தூக்கி என் மடியில் இருத்தினாள்.

“மூத்தவன் என்னோடை. இவள் உங்கடை.”

என் பத்துப் பாகத்தை நம்பி மகளைத் தருகிறாள்! சப்பாத்தைக் கழற்றினேன். படகு நடுக்கடலில் ஆடியபோதெல்லாம் அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்தேன். “நோகுது மாமா,” என்று அவள் சொல்லியும் கையைத் தளர்த்த முடியவில்லை.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் மூவரும் படகில் இருக்கும் நேரம் நான் கொழும்பில் கதிரையில் இருந்தேன், ஒரு வேலையும் ஓடவில்லை. மறு வருடம் மூத்தவன் தானாகவே நீந்தத் தொடங்கிவிட்டான் என்று கேள்விப்பட்ட பிறகுதான் வெள்ளிக்கிழமைகளில் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

போகிறவர்களுக்குச் சொல்ல இவ்வளவுதான்: காலைப் படகிலேயே போய்விடுங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். மண்கும்பானில் கடல் வெகுதூரம் ஆழமில்லை, எந்த வயதிலும் பழகலாம். பழகிவிட்டே ஏறுங்கள். உங்கள் மடியில் யார் பிள்ளையைக் கொண்டுவந்து இருத்துவார்கள் என்று ஏறும்வரை தெரியாது.